அரை மில்லி

'கொஞ்சம்' என்ற சொல்லை அந்த வீட்டில் சொல்லக்கூடாது. குடிவந்த முதல் வாரத்திலேயே அது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா உறைமோர் கேட்டுப் பின்கட்டிலிருந்து முன்வீட்டுக்குப் போயிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் மோர் இருந்தாத் தாங்களேன். பாலுக்கு ஒறை ஊத்தணும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு கரண்டி."

"எந்தக் கரண்டி? குழம்புக் கரண்டியா, நெய்க் கரண்டியா?"

அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பின்னாலேயே வீட்டுக்கார ஆச்சியும் வந்தார். கையில் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை. "எவ்வளவு பாலு? அரை லிட்டரா? அப்ப இருபது மில்லி போதும்" என்று சொல்லி, குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்திருந்தது. அதுதான் அம்மாவுக்கு எரிச்சல்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மேலகரத்தில் பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த வீடு அது. முன்பாதியில் ஆச்சி தனியாக இருந்தார். பின்பாதியில் நானும் அம்மாவும். ஆச்சி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் பெங்களூரில். எழுபதைத் தாண்டிய உடம்பு, நேரான முதுகு. இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு சுருள் டேப்பும் தொங்கும். அடுப்பு மேடையில் மின்தராசு இருக்கும். இட்லியைக்கூட எடை போட்டுத்தான் தட்டில் வைப்பார். காஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்த ஆள் அதைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு, ஆச்சி தலையாட்டும்வரை நிற்கவேண்டும். ஊரே ஐந்தருவியில் நல்ல தண்ணீர் விழுகிறது என்று பேசும்போது, "நல்லான்னா எவ்வளவு?" என்று கேட்பார். பிறகு மொட்டைமாடிக்குப் போய், அங்கே வைத்திருக்கும் கண்ணாடிச் சீசாவைப் பார்த்து, சாரல் எத்தனை மில்லிமீட்டர் என்று அவரே சொல்வார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்போது பார்மசி இரண்டாம் ஆண்டு. அதை நான் யாரிடமும் அடக்கிச் சொன்னதில்லை, இப்போதும் சொல்வதில்லை. வீடு பார்க்க வந்தபோது, "என்ன படிக்கட்டி?" என்று ஆச்சி கேட்டார். சொன்னேன். "அப்ப ஒரு தேக்கரண்டின்னா எத்தன மில்லி?" என்றார். "அஞ்சு" என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் வீடு கிடைத்தது என்று அம்மா இன்றும் நம்புகிறாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பூ கட்டி விற்பவள். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஓடவிட்டு எண்ணுவாள். ஒரு கைக்குப் பன்னிரண்டு. ஆச்சிக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. கடிகாரத்தின் மேல்கூட அவருக்குக் கோபம் உண்டு. "எல்லாத்தையும் பத்துக்கு மாத்துனானுவ, இந்தப் பன்னெண்டையும் அறுவதையும் மட்டும் விட்டுவச்சிருக்கானுவ" என்பார்.

ஒரு சீசன் சமயம் அம்மா குற்றாலத்திலிருந்து மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தாள். ஆச்சிக்கும் பங்கு வைக்கவேண்டும். எண்ணிப் பார்த்தால் பத்து இருந்தது.

"பன்னெண்டா வாங்கியிருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் அம்மா.

"ஏன், பத்துக்கு என்ன?"

"பன்னெண்டுன்னா ரெண்டு பேருக்கும் பிரிக்கலாம், மூணு பேருக்கும் பிரிக்கலாம், நாலு பேருக்கும் பிரிக்கலாம். உங்க பத்தை நம்ம மூணு பேருக்குப் பிரிங்க, பாப்போம்."

"மூணு புள்ளி மூணு மூணு மூணு..."

"எப்பம்மா முடியும் அது?"

"முடியாது."

"முடியாத பழத்தை எப்படித் திங்க?"

நான் சிரித்துவிட்டேன். ஆச்சி முறைத்தார். ஆனால் உதட்டோரம் துடித்தது. மிச்சமிருந்த ஒரு பழத்தை அம்மா என் கையில் வைத்து, "படிக்குத புள்ளைக்கு" என்று கணக்கை முடித்தாள்.

எல்லாச் சண்டையும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை.

அம்மா பூவை எடைக்கு வாங்குவாள், முழத்துக்கு விற்பாள். இது எல்லாப் பூக்காரர்களும் செய்வதுதான். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். அம்மா குள்ளம், கையும் அதற்குத் தக்கபடிதான். ஒருநாள் ஆச்சி டேப்பை உருவி அம்மாவின் கையை அளந்தார். நாற்பது சென்டிமீட்டர்கூட இல்லை. மறுநாள் பூ கட்டும் பலகையில் பச்சைப் பெயிண்டால் அரை மீட்டருக்கு இரண்டு கோடுகள் போட்டிருந்தார்.

"இனிமே இதுக்கு அளந்து வில்லு. விலையைக் கூட்டி வச்சுக்கோ. நாணயமா இருக்கும்."

அம்மா சண்டை வேண்டாமே என்று ஒருநாள் அப்படியே விற்றுப் பார்த்தாள். குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களிடம் "அரை மீட்டர் மல்லி" என்று சொன்னதும் சிரித்திருக்கிறார்கள். "இதென்ன ஜவுளிக்கடையா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். விலையைக் கேட்டதும் பக்கத்துக் கூடைக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் பாதிக்கூடை வாடிய பூவோடு அம்மா வந்தாள். ஆச்சி வாசலிலேயே நின்றார்.

"எப்படி வித்துச்சு?"

"இது நமக்குச் சரிவராதும்மா. உங்க கோடு என் கையை விட நீளம். ஊரெல்லாம் கையில அளக்கும்போது நான் மட்டும் கோட்டுல அளந்தா, எனக்குத்தான் நட்டம்."

"அப்ப உன் கை பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

அம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"என் கையா பொய் சொல்லுது? உங்க வடகரை வீட்டு மரக்கால் சொன்ன பொய்ய விடவா?"

அம்மாவின் அப்பா வடகரையில் வயல்வேலை பார்த்தவர். அந்த வயல் ஆச்சியின் பிறந்த வீட்டுக்குச் சொந்தமானது. கூலியை நெல்லாகத்தான் கொடுப்பார்கள், மரக்கால் என்கிற பெரிய அளவுப் பாத்திரத்தில் அளந்து. இது எங்கள் இரு வீட்டுக்கும் தெரியும். தெரிந்தும் அதுவரை யாரும் பேசியதில்லை. இன்றே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஆச்சி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு இருந்துச்சு" என்றார். "குத்தகை நெல்லு வாங்குததுக்கு ஒண்ணு. கூலி குடுக்கதுக்கு ஒண்ணு. வெளிய இருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. குடுக்குத மரக்காலுக்கு உள்ள அடியில அரக்கு ஊத்தியிருக்கும். சின்னப்புள்ளையா இருக்கும்போது நான் ரெண்டுலயும் மணலை அள்ளிப் போட்டு அளந்து பாத்தேன். எங்கப்பாகிட்டப் போயி, 'அப்பா, இது கொறையுது'ன்னு சொன்னேன். பெருசாக் கண்டுபிடிச்சிட்ட நெனப்பு எனக்கு. புளியம்விளாறால அடிச்சாரு."

ஆச்சியே மறுபடி சொன்னார்.

"கிலோவுக்கு ஆளு தெரியாது. வாங்குதவன் யாரு, குடுக்குதவன் யாருன்னு அது பாக்காது. எனக்கு அது போதும்."

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாட்கள் இருவருக்கும் பேச்சில்லை. பிறகு ஒருநாள் விடியற்காலையில் ஆச்சி வீட்டு நிலையில் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்திருந்தாள் அம்மா. ஆச்சி அதை எடுத்து, டேப்பை உருவி அளந்து பார்த்துவிட்டுத்தான் சாமி படத்துக்குப் போட்டார். அம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருந்தாது" என்றாள். குரலில் கோபம் இல்லை.

ஆச்சிக்குச் சர்க்கரை நோய். மாத்திரைக்கு அடங்காமல் போனபோது டாக்டர் இன்சுலின் எழுதினார். காலையில் இருபது யூனிட். மகள் அப்போதே பெங்களூரிலிருந்து வந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னோடு வரும்படி பிடிவாதமாக நின்றாள். ஆச்சி மாட்டேன் என்றார். இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மகள் எங்களையும் கூப்பிட்டுச் சாட்சி வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"சரிம்மா, இங்கனயே இரு. ஆனா ஊசியில ஒரே ஒரு தடவ தப்பு வந்துச்சுன்னாலும் மறுநாள் வண்டி அனுப்பிருவேன். ஏறி வந்திரணும். சம்மதமா?"

"எனக்கா அளவுல தப்பு வரும்? சம்மதம்" என்றார் ஆச்சி.

அந்த வீட்டில் அவர் எத்தனை பிடிப்போடு இருந்தார் என்பது எனக்குத் தெரியும். பெங்களூர் மாடிக்குடியிருப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அங்கன பாலு கவருல வரும், தண்ணி குழாயில வரும், எனக்கு என்ன வேலை?" என்பார்.

யூனிட் என்ற சொல் அவருக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. "கரண்டுக்கும் யூனிட்டு, ரத்தத்துக்கும் யூனிட்டு, இதுக்கும் யூனிட்டா? இன்னைக்கு ஒண்ணு சொல்லுவான், நாளைக்கு ஒண்ணு சொல்லுவான். மில்லி மாறாது" என்றார். மருந்துக்குப்பியில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் என்று போட்டிருந்தது. அப்படியானால் இருபது யூனிட் என்பது அரை மில்லி. இன்சுலினுக்கென்று இருக்கும் யூனிட் ஊசியை ஒதுக்கிவிட்டு, மில்லிக் கோடு போட்ட சாதாரண ஒரு மில்லி ஊசியை வாங்கிக்கொண்டார்.

"ஆச்சி, இந்த மருந்துக்கு யூனிட்தான் அளவு. ஊசியும் அதுக்குன்னே தனியா இருக்கு" என்றேன்.

"நான் வகுத்தது தப்பா?"

"தப்பு இல்ல."

"அப்ப சும்மா இரு."

வகுத்தது சரிதான். தினமும் காலையில் அரை மில்லி. ஒன்றரை வருஷம் ஒரு பிசகும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கேட்கும்போதெல்லாம், "அரை மில்லி, எறும்பு அளவு கூடல, கொறையல" என்று அழுத்திச் சொல்வார்.

ஆடி மாதம் மகள் ஒருதடவை வந்து போனாள். போகும்போது புதிதாக இரண்டு குப்பி மருந்து வைத்துவிட்டுப் போனாள். "பேரு அதேதாம்மா. அதே இருபது யூனிட்தான்" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. பழைய குப்பி தீரும்வரை புதியது ஃபிரிட்ஜில் இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாமல் சாரல். அம்மா குற்றாலத்துக்குக் கிளம்பப் பூக்கூடையில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். முன்வீட்டிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஆச்சி அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தார். மின்தராசு மடியில் இருந்தது. அரிசியைப் பிடிபிடியாக அள்ளி அதன்மேல் போட்டுக்கொண்டிருந்தார். பாதி வெளியே சிந்தியது. அந்தக் குளிரிலும் ரவிக்கை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏட்டி, தராசு பொய் சொல்லுது பாரு. நிக்க மாட்டேங்குது."

தராசு சரியாகத்தான் இருந்தது. அவர் கைதான் நடுங்கியது.

மேஜையில் ஊசியும் குப்பியும் இருந்தன. புதுக்குப்பி. எடுத்துப் படித்தேன். ஒரு மில்லிக்கு நூறு யூனிட்.

மனதில் கணக்கு தானாக ஓடியது. அதே அரை மில்லி. இந்தக் குப்பியிலிருந்து எடுத்தால் ஐம்பது யூனிட். மில்லி மாறவில்லை. அதற்குள் இருந்தது மாறிவிட்டது.

"அம்மா! ஆட்டோ கூப்பிடு!" என்று கத்தினேன்.

சர்க்கரை டப்பாவைத் தம்ளரில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். வாயருகே கொண்டுபோனதும் ஆச்சி கையைத் தட்டிவிட்டார். பாதி என்மேல் கொட்டியது. சர்க்கரை தாழ்ந்தால் மூளை குழம்பும், சிலருக்குக் கோபம் வரும் என்று படித்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான்.

"எத்தன கிராம் போட்ட?"

"குடிங்க ஆச்சி, மொதல்ல."

"எத்தன கிராம்னு கேக்கேன்லா!"

"பதினஞ்சு."

"அளந்தியா?"

"அளந்தேன்."

"எதுல? தராசுதான் கெட்டுப்போச்சே."

"எங்க வீட்டுத் தராசுல."

எங்கள் வீட்டில் தராசே கிடையாது. ஆனால் ஒரு எண்ணும் அதற்குப் பின்னால் ஒரு அலகும் வந்தால்தான் அவர் வாய் திறக்கும். ஆச்சி என்னை ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மிச்சமிருந்ததைக் குடித்தார். இன்னொரு தம்ளர் கலக்கி, "இதுவும் பதினஞ்சு" என்று கொடுத்தேன். பாதியில் கண் சொருகியது. அதற்குமேல் ஊற்றப் பயமாக இருந்தது, புரையேறிவிடும்.

தெருமுனை ஆட்டோ அண்ணாச்சி வந்துவிட்டார். மூவரும் தூக்கி ஏற்றினோம். பிரதான சாலையில் ஏறியதும் ஆட்டோ நின்றுவிட்டது. அருவிக்குப் போகும் வேன்களும் பஸ்களும் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு கிடந்தன.

"அண்ணாச்சி, போங்க, போங்க!"

"எங்கனம்மா போக? பறந்தா போக முடியும்? சீசன்ல ஞாயித்துக்கெழம தென்காசி போகணும்னா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் சாலையின் ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டினார்.

ஆச்சியின் தலை அம்மாவின் தோளில் தொங்கியது. கன்னத்தைத் தட்டினேன், கண்ணைத் திறந்து மூடினார். "தூங்க விடாதம்மா, பேச்சுக் குடு" என்றேன்.

அம்மா என்ன பேசுவாள்? "அம்மா, அம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு திடீரென்று சண்டைக்குப் போகும் குரலில் கேட்டாள்.

"ஏம்மா, பத்துப் பழத்தை மூணு பேருக்குப் பிரிக்கணும். ஆளுக்கு எத்தன? சொல்லுங்க. சொல்லத் தெரியாதுல்லா உங்களுக்கு?"

ஆச்சியின் உதடு அசைந்தது.

"மூணு... புள்ளி மூணு."

"அப்புறம்?"

"மூணு."

"அப்புறம்?"

"மூணு..."

"முடிஞ்சிட்டா?"

"முடியாதுட்டி."

"அப்பச் சொல்லிக்கிட்டே இருங்க. நிறுத்துனா உங்க பத்து தோத்துட்டுன்னு அர்த்தம்."

ஆச்சி சொல்லிக்கொண்டே வந்தார். மூணு, மூணு, மூணு. நடுவில் குரல் தேய்ந்துபோகும். அம்மா தோளைக் குலுக்கி, "அடுத்து?" என்பாள். மறுபடி ஒரு மூணு வரும். மழைத்தண்ணீர் ஆட்டோவுக்குள் அடித்தது. முன்னால் ஒரு பஸ் நகர மறுத்தது. அண்ணாச்சி கீழே இறங்கி அதன் பக்கவாட்டில் அடித்து வழி கேட்டார். ஒவ்வொரு மூணுக்கும் அடுத்தது வருமா வராதா என்று நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தும்போது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் குப்பியையும் ஊசியையும் கையோடு கொண்டுவந்திருந்தேன். "இருபதுக்குப் பதிலா அம்பது போயிருக்கு" என்று டாக்டரிடம் கொடுத்தேன். சின்ன வயசு டாக்டர். குப்பியைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், வேறெதுவும் கேட்கவில்லை. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

ஆச்சி தெளிவாகக் கண் விழித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். குப்பியைக் கேட்டார். கண்ணருகே வைத்து அந்த நூறைப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"அதே மருந்துன்னா அதே அளவுன்னு நெனச்சேன்" என்றார்.

அப்போது ஆச்சியின் போன் என் கையில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு. மகள் பெயர் திரையில் மின்னியது. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அம்மா சட்டென்று கட்டிலருகே குனிந்தாள். "காலையில சாப்பிட மறந்துட்டேன்னு சொல்லிருங்கம்மா. ஊசியப் பத்திப் பேச்சே எடுக்க வேண்டாம்."

"ஆமா ஆச்சி" என்றேன் நானும். "சாப்பிடாம இருந்தாலும் இப்படி வரும். புஸ்தகத்துலயே இருக்கு. யாருக்கும் சந்தேகம் வராது. இனிமே நான் ஊசியப் பாத்துக்கிடுதேன்."

ஆச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஆஸ்பத்திரியில இருக்கேன். பயப்படாத, இப்ப நல்லா இருக்கேன். நீ குடுத்த குப்பியில நூறுன்னு போட்டிருக்கு. நான் அதைப் பாக்கல. அதே அரை மில்லி போட்டுட்டேன். இருபதுக்குப் பதிலா அம்பது யூனிட்டு. ரெண்டரை மடங்கு."

எதிர்முனையில் மகள் அழுவது எனக்கே கேட்டது. நடுவே என்னவோ கேட்டாள்.

"இல்ல, உன் தப்பு இல்ல. நீ இருபது யூனிட்டுன்னுதான் சொன்ன. சரியாத்தான் சொன்ன. தப்பு என்னுது."

மறுபடி மகள் பேசினாள். ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தார். குளுக்கோஸ் ஏறாத கையால் போர்வையின் மடிப்பை நீவி நேராக்கினார்.

"அழாத. நான் சம்மதம்னு சொன்னதுதான். நாளைக்கு வண்டி எத்தன மணிக்கு வரும்? அதை மட்டும் சொல்லு."